உலர்த்தியினுள் ஒரு பொய்

போன மூட்டை போன வேகத்திலேயே திரும்பி வந்தது. மகப்பேறு மருத்துவமனையின் வண்டிக்காரர் அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மூட்டையையும் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பெரிய நர்ஸம்மா குடுக்கச் சொன்னாங்கக்கா. பிரிச்சுப் பாத்துட்டு போன் பண்ணணுமாம்."

"கோவமா இருந்தாங்களா?"

"கோவமா இருந்தா திட்டுவாங்க. இன்னைக்குத் திட்டவே இல்ல. அதான் எனக்கே பயமா இருக்கு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். பிறந்த குழந்தைகளைச் சுற்றும் துணிகள் அவை. பூவின் மேல் பூவை வைப்பது போல் மெத்தென்று இருக்க வேண்டியவை, அட்டையை வெட்டி அடுக்கியது போல் விறைத்துக் கிடந்தன. ஓரமெல்லாம் பழுப்பு. சின்னஞ்சிறு தொப்பிகளில் தைத்திருந்த ரப்பர் நூல் உருகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒரு துணியை மூக்கருகே கொண்டுபோனாள். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் எழும் வாடை.

அந்தத் தெருவில் அவளுக்குச் சலவையக்கா என்று பெயர். தையற்கடையில் அடுத்தவர் சட்டைக்குப் பித்தான் வைத்தே வளையத் தொடங்கிய முதுகைத் தானே நிமிர்த்திக்கொண்டவள். தன் ஊசியின் உழைப்பால் ஓர் இயந்திரம் வாங்கினாள். துவைப்பதும் அதுவே, உலர்த்துவதும் அதுவே. சமையலறையை ஒட்டிய சிறு அறையில் அதை நிறுத்தி, அறைவாசலில் தன் கையாலேயே 'சலவை' என்று எழுதினாள். மழை என்று சாக்குச் சொன்னதில்லை. விருந்தாளி வந்தார்கள் என்று தவணை கேட்டதில்லை. சொன்ன நேரத்தில் சொன்ன துணி. அந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசாகத்தான் மருத்துவமனையின் மூட்டைகள் அவள் வீடு தேடி வந்தன. அந்த மூட்டைகளே இப்போது ஒவ்வொன்றாய் முகம் கருகித் திரும்பிக்கொண்டிருந்தன.

தொலைபேசியில் தலைமைச் செவிலியின் குரல் அமைதியாக இருந்தது.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேம்மா. என் தப்புதான். அடுத்த தடவ..."

"எல்லாத் தடவையும் இதத்தான் சொல்றீங்க. பச்ச உடம்பு அது. இந்தத் துணியச் சுத்தினா தோல் கீறிடும். நாளைக்குக் காலைல கடைசியா ஒரு மூட்டை குடுக்கறேன். அதுவும் இப்படி வந்தா நான் வேற ஆளப் பாத்துக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் பேசினேன். அவரே சொன்னாரு, உங்களுக்கு மெஷின் இன்னும் கைக்கு வரலன்னு. பாவம், உங்களுக்காக அவரு எவ்வளவு சங்கடப்பட்டாரு தெரியுமா?"

அவள் தலையசைத்தாள். தலையசைப்பு தொலைபேசியில் கேட்காது என்பது பிறகே நினைவுக்கு வந்தது. "சரிம்மா" என்றாள்.

வீட்டுக்காரரை ஊர் 'டாக்டர்' என்று அழைத்தது. கடைத்தெருவில் வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பவர். திருப்புளியின் கைப்பிடியைக் காதில் பொருத்தி, முனையை இயந்திரத்தின் வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டுச் சொன்னால் அது தீர்ப்பு, மறுபேச்சில்லை. எடுத்த வேலையை மறுநாளைக்குத் தள்ளியதில்லை என்பது அவருடைய பெருமை. "டாக்டர் வாயில நாளைக்குங்கற வார்த்தையே வராது" என்று ஊரார் சொல்லும்போது, மனைவிக்கும் அதில் பாதிப் பெருமை சேர்ந்திருந்தது.

பகலுணவுக்கு வந்தவரிடம் துணிகளைக் காட்டினாள். அவர் கை கழுவிய ஈரத்தோடு திருப்புளியைக் காதில் வைத்தார். இயந்திரம் ஓடியது. கண்ணை மூடினார். திறந்தார்.

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு. நீதான் போட்டுத் திணிக்கறே. வயிறு முட்டத் தின்னவன் எப்படி நடப்பான்? அதுக்கும் மூச்சு விட எடம் வேணும்ல?"

"பாதிதாங்க போட்டேன். சூட்டையும் குறைச்சுதான் வெச்சேன்."

"குறைச்சேன்னு நினைச்சிருப்பே." அவர் குரல் கனிந்தது. "பாரு, உன் கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கு. ஒரு வாரம் அம்மா வீட்டுல போய்ப் படுத்து எந்திரிச்சு வா. நானே கொண்டு விடறேன். இந்தத் தொழில் இல்லன்னா நாம என்ன பட்டினியா கெடக்கப் போறோம்?"

பல நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் எந்தக் கணவன் மனைவியைப் பிறந்த வீட்டுக்குப் போய்வா, போய்வா என்று வாய்க்கு வாய் வற்புறுத்துவான்? அந்தக் கனிவில் அவள் நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ந்த நெஞ்சோடு, தன் கைகளைத் தானே உற்றுப் பார்த்தாள். ஊசிமுனையில் நூல் கோத்துப் பழகிய விரல்கள். இந்த விரல்கள்தாமா ஒரு பொத்தானைச் சரியாய் அழுத்தத் தெரியாமல் போயின? பழி வெளியிலிருந்து வரும்போது தடுத்து நிறுத்தலாம். அது உள்ளே புகுந்து, நம் குரலிலேயே பேசத் தொடங்கினால் எந்தக் கதவைச் சாத்துவது?

மாலையில் நாத்தனார் வந்தாள். டாக்டரின் தங்கை, மின்பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. வேலை முடிந்து வீடு போகும் வழியில் ஒரு வாய் தேநீருக்கும் ஒரு கூடை வம்புக்கும் எட்டிப் பார்ப்பாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. அவள் அதை மறுத்ததில்லை; மறுக்கவும் வாய் வேண்டும், அதை ஏன் வீணாக்குவது என்பாள்.

"என்ன அண்ணி, துணியவிட உங்க முகம்தான் அதிகமாக் கசங்கியிருக்கு? அண்ணன் ஏதாவது பாடினாரா?"

சலவையக்கா மூட்டையைக் காட்டினாள். வாயாடி ஒரு தொப்பியை எடுத்து ஒட்டியிருந்த ரப்பரைப் பிரித்துப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இது எந்தப் புரோகிராம்?"

"மெல்லிய துணி. இருக்கறதுலயே குறைஞ்ச சூடு."

"குறைஞ்ச சூட்டுல ரப்பர் உருகுமா?"

"நான்தான் திணிச்சுட்டேன்..."

"அண்ணி, திணிச்சா துணி ஈரமா வரும். கருகி வராது. அத யாரு உங்களுக்குச் சொன்னது?"

"உங்க அண்ணன்தான்."

"அவரு காதுல திருப்புளிய வெச்சுக் கேட்டாராக்கும்? சூட்டுக்கு ஏது சத்தம்? நகருங்க."

வாயாடி ஒரே ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து உள்ளே போட்டாள். குறைந்த சூட்டை அவளே தேர்ந்தாள், தேர்ந்ததை அண்ணியிடம் காட்டி, "சரிதானே? நீங்க அமுக்கறது இதுதானே?" என்று உறுதிசெய்துகொண்டாள். இயந்திரம் சுழலத் தொடங்கியது. இருவரும் தரையில் அமர்ந்து தேநீர் குடித்தார்கள். குடித்து முடிப்பதற்குள் கதவுக் கண்ணாடியில் வாயாடி கையை வைத்து, சுட்டுக்கொண்டு உதறினாள்.

"தொட்டுப் பாருங்க. இதுவா குறைஞ்ச சூடு?"

உள்ளே 'டக்' என்றொரு சத்தம். வெப்பம் சற்றே தணிந்தது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் ஏறியது. மீண்டும் 'டக்'.

"கேட்டீங்களா? இதுக்குள்ள ரெண்டு காவலாளி இருக்காங்க அண்ணி. ஒருத்தன் சென்சார். காத்து எவ்வளவு சூடாச்சுன்னு ஓயாமப் பாத்துப் பாத்துப் போர்டுக்குச் சொல்லணும். இன்னொருத்தன் கட்-அவுட். அவனுக்குத் தினசரி வேலை கெடயாது. தீப்பிடிக்கிற அளவுக்குப் போனா மட்டும் ஓடிவந்து கரண்ட்ட நிறுத்துவான். இப்ப 'டக்'குன்னு கேட்டது அவன்தான். அவன் இத்தன தடவ ஓடிவர்றான்னா முதல் ஆளு தூங்கறான்னு அர்த்தம்."

"அப்ப... என் மேல தப்பு இல்லையா?"

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். யாரு மேலன்னு."

மின்னிணைப்பைப் பிடுங்கினாள். கைப்பையிலிருந்து மின் அளவுமானி வந்தது; திருப்புளி வந்தது. பின்னாலிருந்த திருகுகளைக் கழற்றி மேல்மூடியை இழுத்ததும், இயந்திரத்தின் உள்ளுலகம் திறந்தது. சூடான காற்று ஓடும் தகரக் குழாய். அதன் வாயில் விசிறி. குழாயின் பக்கவாட்டில் செருகியிருந்த, சுண்டுவிரல் நுனியளவே ஆன வெப்ப உணரி, வாயாடி சொன்ன அந்தச் சென்சார்.

வாயாடி மின்பலகையிலிருந்து அந்த உணரிக்குப் போகும் கம்பியின் முனையைக் கழற்றி, அதில் அளவுமானியைப் பொருத்தினாள். திரையில் ஓர் எண் வந்து நின்றது.

"அண்ணி, தலைமுடி காயவைக்கிற மெஷின் இருக்கா?"

இருந்தது. அதைக் குழாயை நோக்கிப் பிடிக்கச் சொன்னாள். சலவையக்கா பிடித்தாள். சுடுகாற்று சீறியது.

"எண்ணப் பாருங்க. சூடு ஏற ஏற அது இறங்கணும். மடமடன்னு இறங்கணும்."

எண் இறங்கவில்லை. ஒரு புள்ளிகூட அசையவில்லை. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அதே எண். நெருப்புக்கும் நீருக்கும் ஒரே பதில்.

"உசுருள்ள சென்சார்னா இப்படி இருக்காது. செத்த சென்சார்னா எண்ணே காட்டாது. இது ரெண்டுலயும் சேரலயே" என்று முணுமுணுத்த வாயாடி, கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனாள். குழாய்வரை போகவேண்டிய கம்பி, பாதி வழியில், விசிறியின் பின்னே திரும்பியது. அங்கே ஒரு கறுப்பு முடிச்சு. கம்பி அதற்குள் போனது, வெளியே வரவில்லை. குழாயில் செருகியிருந்த உணரிக்கும் மின்பலகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வெறுமனே ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றது, நாற்காலியில் உட்காரவைத்த பொம்மை போல.

வாயாடி அதைப் பிடுங்கித் தனியே அளந்தாள். எண்ணே வரவில்லை.

"இது செத்துப் போன சென்சார். அதுவும் உங்க மெஷினோடது இல்ல. கம்பி நுனியில இருக்கற கொண்டியப் பாருங்க, நெறமே வேற. வேற கம்பெனி."

"வேற மெஷினோடது இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

வாயாடி கறுப்பு முடிச்சை வெளியே இழுத்தாள். கறுப்பு ஒட்டுநாடாவைக் கவனமாகச் சுற்றி, அதன் கடைசி நுனியைச் சின்ன நாக்குப் போல மடித்துவிட்டிருந்தது, அடுத்து வருபவர் நகம் உடையாமல் பிரிப்பதற்காக. நாடாவின் மேல் சிவப்பு நூலால் ஒரு கட்டு. அந்தக் கட்டின் மேல் இன்னொரு கட்டு.

ஊரையே பேச்சால் உழுகிறவள், வாயடைத்துப் போய் அந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சலவையக்காவுக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் கைபட்ட இயந்திரம் எதைத் திறந்தாலும் இந்த மடிப்பு இருக்கும், இந்த இரட்டைக் கட்டு இருக்கும். 'டாக்டர் போட்ட தையல்' என்று மற்ற மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். சிவப்பு நூல்கண்டு அவளுடைய தையற்பெட்டியிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தது.

"பிரி" என்றாள். முதன்முறையாக நாத்தனாரை ஒருமையில் விளித்திருந்தாள். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

உள்ளே வண்ணக் கோடுகள் போட்ட, அரிசியைவிடச் சற்றே பெரிய ஒரு மின்தடை.

"ரெசிஸ்டர்" என்றாள் வாயாடி, தாழ்ந்த குரலில். "ஒரே எண்ண மட்டும் சொல்லும். போர்டு கேக்குது, 'சூடு வந்துச்சா?'ன்னு. இது 'இன்னும் வரல'ங்குது. எரியும்போதும் 'இன்னும் வரல'. கருகும்போதும் 'இன்னும் வரல'. போர்டு பாவம், நம்பி நம்பி எரிச்சிருக்கு."

"மறந்திருப்பாரு" என்றாள் சலவையக்கா. தன்னை எரித்தவனுக்காகவும் முதலில் வாதாடுவதற்கு நம் வீட்டுப் பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறதே இந்த உலகம்! நாக்கு தன் கட்டளைக்குக் காத்திராமல், பழகிய தடத்தில் ஓடிற்று. "ஏதோ அவசரத்துல போட்டிருப்பாரு. மறந்திருப்பாரு."

"போட்டத மறக்கலாம் அண்ணி. நீங்க ஒவ்வொரு தடவையும் கருகின துணியக் கொண்டுபோய்க் காட்டினீங்களே, அப்பவுமா ஞாபகம் வரல?"

அந்தக் கேள்விக்கான பதில் கடையைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தது.

டாக்டர் உள்ளே நுழைந்ததும் திறந்த இயந்திரத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கடைசியாக, மனைவியின் விரல்களுக்கிடையே தொங்கிய சிவப்பு நூலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றவே இல்லை.

"யாரு இதத் தொறக்கச் சொன்னது?"

"நான்தான் தொறந்தேன் அண்ணே" என்றாள் வாயாடி. "உங்க தையலு ரொம்ப நல்லா இருக்கு. பிரிக்கவே மனசு வரல."

"கூடப் பிறந்தவதானா நீ?"

"கூடப் பிறந்ததாலதான் கையெழுத்து தெரிஞ்சுது."

சலவையக்கா கணவனைக் கேட்டாள். கத்தவில்லை. "எங்க போச்சுங்க, என் சென்சாரு?"

அவர் சுற்றிவளைத்தார், நாற்காலியை இழுத்தார், தண்ணீர் கேட்டார். யாரும் எழவில்லை. பிறகு சொன்னார். வங்கி மேலாளர் வீட்டு இயந்திரம். அன்றைக்கே முடித்துத் தருவதாக வாக்கு. கடையில் உதிரிப் பொருள் தீர்ந்துவிட்டது. "நாளைக்குன்னு எப்படிச் சொல்றது? அந்த வார்த்தையே என் வாயில வராதே! ரெண்டுக்கும் அளவு ஒண்ணுதான். அன்னைக்குன்னு பாத்து நீ துணி குடுக்கப் போயிருந்தே. நம்ம வீட்டு மெஷின்தானேன்னு எடுத்து அங்க மாட்டிட்டு, அவங்களோட செத்ததக் கொண்டாந்து ஓட்டைய அடைச்சேன். ரெண்டு நாள் ஓடட்டும்னுதான் ரெசிஸ்டர் போட்டேன். சத்தியமா."

"நம்ம வீட்டு மெஷினா?" என்றாள் அவள். "அவங்க வீட்டுது மெஷின். என்னுது தொழில்ங்க."

"திருப்பிப் போடத்தான் இருந்தேன். நம்பலன்னா இந்தா பாரு." கருவிப் பையைத் துழாவி ஒரு சிறு அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார். "புதுசு. உனக்காகத்தான் வாங்கினேன்."

வாயாடி பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நான்கு முனையும் மழுங்கி, மேலட்டை எண்ணெய்க் கறை ஏறிக் கிடந்தது. "இது இன்னைக்கு வாங்கினதா அண்ணே? இது உங்க பையில குடித்தனமே நடத்தியிருக்கு."

"எப்படி மாட்டறது?" அவர் குரல் உயர்ந்தது. "நான் வீட்டுல இருக்கற நேரமெல்லாம் இவ மெஷின் முன்னாடியே நிக்கறா! அந்த ரூம விட்டு நகர்ந்தாத்தானே நான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியும் பயனில்லை, சொல்லாத பாதி அறைக்குள் தானாகவே வந்து நின்றது.

அம்மா வீட்டுக்குப் போய்வா. ஒரு வாரம் படுத்து எழுந்து வா. நானே கொண்டு விடுகிறேன்.

அவள் கருகிய துணியைத் தாங்கினாள். செவிலியின் சொல்லைத் தாங்கினாள். தன் விரல்களையே சந்தேகித்தாளே, அதையும் தாங்கினாள். ஆனால் அந்தக் கனிவு! பகல் முழுதும் நினைத்து நினைத்து நெஞ்சில் வைத்து நெகிழ்ந்தாளே, அந்தக் கனிவு வெறும் அறையைக் காலிசெய்யும் தந்திரமா? ஒரு திருகை முடுக்குவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக ஒருவன் அன்பை எடுத்து வீசுவானா?

"நர்ஸம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல முடியும்? டாக்டர் வீட்டு மெஷினே கோளாறுன்னா என் கடைக்கு எவன் வருவான்? அந்த ஆஸ்பத்திரி மெஷின்களையும் நான்தான் பாக்கறேன். யோசிச்சுப் பாரு."

"அதனால எனக்குக் கைவரலன்னு சொன்னீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"வங்கிக்காரர் வீட்டுக்குக் குடுத்த வாக்கு போகக் கூடாது. உங்க கடைப் பேரு போகக் கூடாது. போகலாம்னு நீங்க எடுத்துக் குடுத்தது என் பேர மட்டும்தான். சென்சாரக் கழட்டினீங்க, அத ஒரு வீட்டுல மாட்டினீங்க. என் மரியாதையக் கழட்டினீங்களே, அத எந்த வீட்டுல மாட்டினீங்க?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "சரி, விடு. ஆனது ஆச்சு. நிமிஷத்துல போட்டுத் தர்றேன். யாருக்கும் தெரிய வேணாம்." பெட்டியை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க."

கை அந்தரத்தில் நின்றது.

புதிய உணரியை அவளே மாட்டினாள். வாயாடி அருகிலிருந்து சொன்னாள், கை அவளுடையது. மின்தடையை வெட்டினாள், செத்துப்போன உணரி இருந்த துளையில் புதியதைச் செருகினாள், கொண்டி சேரும் சத்தம் கேட்டது. மறுபடி சுடுகாற்றைப் பிடித்தபோது, அளவுமானியின் எண் வழுக்கிக்கொண்டு இறங்கியது. காற்றை விலக்கியதும் ஏறியது. அவள் மேல்மூடியைச் சாத்தித் திருகினாள். மறுபடி நனைத்துப் போட்டு ஓட்டிய துண்டு இந்த முறை மெத்தென்று வெளிவந்தது. அதை முகத்தில் ஒற்றிக்கொண்டபோதுதான் அழுகை வந்தது. துண்டு மறுபடி நனைந்தது.

"காலைல என்கூட வரணும்" என்றாள் கணவனிடம். "நர்ஸம்மாகிட்ட உங்க வாயாலயே சொல்லணும்."

"சரி, வர்றேன். சொல்றேன்" என்றார் அவர். வாயாடி அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டினாள்.

மறுநாள் காலை மருத்துவமனையில் தலைமைச் செவிலி மூட்டையை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். அறைக்கு அப்பால் ஒரு குழந்தை வீறிட்டது. இன்னொன்று அதைக் கேட்டுத் தானும் தொடங்கியது. டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, நேத்து மெஷின முழுசாப் பிரிச்சுப் பாத்தேன். சென்சார்ல ஒரு சின்னக் கோளாறு. மத்தவங்க கண்ணுக்குப் படாது. கண்டுபிடிச்சுச் சரி பண்ணியாச்சு. இனிமே ஒரு குறையும் வராது."

செவிலியின் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்! நல்லவேள, வீட்டுலயே மெக்கானிக் இருக்காரு. நீங்க குடுத்து வெச்சவங்கம்மா. இந்த மூட்டை மட்டும் இல்ல, இனிமே முன்ன மாதிரியே எல்லா மூட்டையும் உங்களுக்குத்தான். வண்டியில ஏத்தச் சொல்றேன்."

டாக்டர் மனைவியைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். பார்த்தாயா, எவ்வளவு எளிதாய் முடிந்தது என்னும் சிரிப்பு. மூட்டை கிடைத்தது. தொழில் பிழைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கெடுத்தவனே காத்தவனாகிக் கைகட்டி நிற்க, கெட்டவள் நன்றி சொல்லிவிட்டுப் போகலாம். காலங்காலமாய்ப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த கெட்டிக்காரத்தனம் அதுதானே: சோறு கிடைக்கிறதா, சொரணையைச் சுருட்டி வை!

அவள் மூட்டையின் மேல் கையை வைத்தாள்.

"கோளாறு அதுவா வரலம்மா. இவரு என் மெஷின்லருந்து நல்ல சென்சாரக் கழட்டி வேறொரு வீட்டுக்கு மாட்டினாரு. எனக்குப் பொய் சொல்ற ஒண்ண வெச்சுட்டாரு. நான் ஒவ்வொரு தடவ கருகின துணியக் காட்டினப்பவும் அது இவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எனக்குக் கைவரலன்னு உங்ககிட்ட சொன்னாரு. கண்டுபிடிச்சது இவரு தங்கச்சி. மாட்டினது நான்."

அறைக்கு அப்பால் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன.

"அப்படியா?" என்று செவிலி டாக்டரிடம் கேட்டார்.

"வீட்டு விஷயம்மா அது... இவ கொஞ்சம் ஆத்திரத்துல..."

"கழட்டினீங்களா இல்லையா?"

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"இங்க இருக்கற மெஷின்கள்லயும் இப்படி எதையாவது கழட்டி எங்கயாவது மாட்டியிருக்கீங்களா?"

"ஐயோ, இல்லம்மா! சத்தியமா இல்ல."

"அத நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

செவிலி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவளிடம் திரும்பினார். குரலில் முன்னிருந்த மலர்ச்சி இல்லை, வெறுப்பும் இல்லை.

"எல்லா மூட்டையும்னு சொன்னேன்ல, அது இப்ப வேணாம்மா. நீங்க சொல்றத நம்பறேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் நான் நம்பினதெல்லாம் என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? இந்த ஒரு மூட்டை. துணியப் பாத்துட்டு மத்தது பேசலாம்."

"அது போதும்மா" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் டாக்டர் பற்களுக்கிடையே பேசினார். "கைக்கு வந்தத உதைச்சுட்டியே. என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டே. திருப்தியா?"

திருப்தி இல்லை. அதை அவரிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை ஆண்டு எதைச் சொல்லத் தோன்றினாலும் முதலில் சொல்ல ஓடிய இடம் அவர்தான். அந்த வழி இன்று முதல் இல்லை. மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

வீட்டில், துணியைப் பிரித்துப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் கதவுக் கண்ணாடியின் முன் அமர்ந்தாள். வெள்ளைத் துணிகள் எழுந்தும் விழுந்தும் சுழன்றன. டாக்டர் அறைவாசல் வரை வந்தார்.

"உள்ள வராதீங்க" என்றாள், திரும்பாமலே. "இனிமே இந்த ரூமுக்குள்ள வராதீங்க."

ஊரில் எத்தனையோ வீடுகளின் பின்கட்டுவரை கேட்காமலே நடந்து போனவர், தம் வீட்டு அறையின் வாசற்படியில் நின்றார். இயந்திரம் துவைத்து முடித்து, உலர்த்தத் தொடங்கியது.

"சூடு சரியா இருக்கா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள், எடுக்கவில்லை.

"நான் பாத்துக்கறேன்."